நீண்ட விடுமுறையில் மட்டக்களப்பிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை பார்க்கப் போகிறவர்களுக்கு

சனி, ஞாயிறு இரண்டோடும் திங்கட்கிழமைப் போயாவும் சேர்ந்து வந்த ஒரு விடுமுறையில், எங்கள் வீட்டார் பதினொரு பேர் ஒரு வானில் ஏறி மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். லண்டனிலிருந்து வந்திருந்த மச்சாளின் பிள்ளைகளுக்குத் தேயிலை எப்படி உருவாகிறது என்று காட்டவேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். சனிக்கிழமைப் பின்னேரம் முழுவதும் நுவரெலியா நகருக்குள் நுழையும் வாகன வரிசையில் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் நின்ற தொழிற்சாலையில், முன்பதிவு செய்த குழுக்களே நிரம்பிவிட்டதால் மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கே போய்ச் சீட்டும் வாங்கி உள்ளே நுழைந்தபோது இயந்திரங்கள் எல்லாம் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தன. ஞாயிறு கொழுந்து எடுக்கவில்லை, ஆகவே திங்கள் அரைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அங்கே நின்ற பெண் பிள்ளை பொறுமையாக விளக்கினாள். சிறியவர்கள் அமைதியான இரும்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு ஆவணியில் மறுபடி போனோம். அந்த முறை எல்லாம் நன்றாக நடந்தது. முதல் பயணத்தில் பிழைத்தவற்றையும் இரண்டாவதில் சரிவந்தவற்றையும் வைத்துக் கீழே எழுதியிருக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து முதல்முறை போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

1. நாளைத் தேர்ந்தெடுத்தல்

நாட்காட்டியில் மூன்று சிவப்பு நாட்கள் சேர்ந்து வருவதைக் கண்டதும் புறப்பட முடிவெடுக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்துக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு, தைப்பொங்கல், தீபாவளி ஆகியவை தோட்ட மக்களின் பெருநாட்கள். அந்த நாட்களிலும் அவற்றையொட்டிய சில நாட்களிலும் கொழுந்து பறிப்பதும் அரைப்பதும் நின்றுவிடும். விற்பனைக் கூடம் திறந்திருக்கலாம், தேநீரும் கிடைக்கலாம், ஆனால் நீங்கள் பார்க்க வந்த வேலை நடக்காது. சித்திரை மாதத்தில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டங்களும் நடப்பதால் அறை வாடகையும் நெரிசலும் ஒன்றாக ஏறிவிடும். குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

எங்களுக்கு மிகவும் பொருத்தமான காலம் ஆடி, ஆவணி. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. எங்கள் ஊரில் உதட்டை வெடிக்கச் செய்து, கிணற்று நீரை இறக்கும் கச்சான் காற்று அதுவே. அதே காற்று பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைச் சரிவுகளில் வீசும்போது தேயிலைச் செடியின் வளர்ச்சி மெதுவாகி, இலையில் மணம் செறிகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது ஆடி முதல் புரட்டாதி வரையான இந்தப் பருவமே. பாடசாலை விடுமுறையும் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். அப்போது எங்கள் பக்கம் வெள்ளமும் பதுளைப் பக்கம் மண்சரிவும் வரக்கூடும். அந்த மாதங்களில் விடுமுறை கிடைத்தாலும் மலைக்குப் போகாமல் இருப்பதே என் ஆலோசனை.

2. நுவரெலியாவை இந்த முறை விட்டுவிடுங்கள்

நீண்ட விடுமுறைக் கூட்டம் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் மேற்கு வாசலால் ஏறி வருகிறது. லபுக்கலை, பீட்ரு போன்ற பெயர்பெற்ற தொழிற்சாலைகள் நுவரெலியாவைச் சுற்றியே இருப்பதால் கூட்டம் அங்கேதான் தேங்கும். எங்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. செங்கலடிச் சந்தியில் தொடங்கும் ஏ5 வீதி மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறுகிறது. அதே வீதி வெலிமடை, நுவரெலியா, கம்பளை என்று நீண்டு பேராதனையில் முடிகிறது. மலைக்கு ஏறிய எங்கள் கண்ணில் முதலில் படுவது ஊவாத் தேயிலையே. அதைத் தாண்டி இன்னும் பல மணித்தியாலம் ஓடி நெரிசலுக்குள் போய் நிற்க வேண்டிய தேவை இல்லை.

ஊவாவில் பார்வையாளருக்குப் பழகிய தொழிற்சாலைகள் இரண்டைச் சொல்வேன். ஒன்று எல்லவுக்கு அருகே இருக்கும் ஹல்பேவத்த. மற்றது அப்புத்தளையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில் உள்ள தம்பேதென்ன. 1890இல் கட்டப்பட்ட அந்தத் தொழிற்சாலைக்கு மேலே ஏறினால் லிப்டன் சீட் என்னும் காட்சி முனை வரும். மூன்று நாள் பயணத்துக்கு இந்த இரண்டும் போதும். மூன்றாவதைச் சேர்க்க முயன்றால் எல்லாவற்றையும் வான் கண்ணாடிக்குள்ளிருந்தே பார்ப்பீர்கள்.

தங்குவதற்குப் பண்டாரவளை வசதியானது. எல்லவில் வெளிநாட்டுப் பயணிகள் நிறைந்திருப்பார்கள், வாடகையும் அதற்கேற்ப இருக்கும், வாகனம் நிறுத்த இடம் தேடுவதும் சிரமம். பண்டாரவளையில் தங்கினால் ஒரு நாள் எல்லப் பக்கமும் மறுநாள் அப்புத்தளைப் பக்கமும் போய்வரலாம்.

3. தொலைபேசியில் என்ன கேட்க வேண்டும்

முதல் பயணத்துக்கு முன் நான் கேட்ட கேள்வி, "அன்றைக்குத் திறந்திருக்குமா?" என்பது. திறந்திருக்கும் என்றார்கள். அது பொய்யில்லை, நான் கேட்டதுதான் போதவில்லை. கேட்கவேண்டியது, "அன்றைக்கு மெஷின் ஓடுமா? எத்தனை மணிக்கு ஓடும்?" என்பது.

காரணம் இதுதான். பறித்த கொழுந்து அன்று பின்னேரம் தொழிற்சாலையின் மேல்மாடிக்கு ஏறி, நீண்ட தொட்டிகளில் பரப்பப்பட்டு, இரவு முழுவதும் வாடுகிறது. விடியற்காலையில் அதை உருட்டத் தொடங்குகிறார்கள். ஆகவே இன்று காலை நீங்கள் பார்ப்பது நேற்றைய கொழுந்து. நேற்றுப் பறிக்கவில்லையென்றால் இன்று அரைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பறிக்காத தோட்டத்தில் திங்கட்கிழமைக் காலை பெரும்பாலும் வீண். போயா நாளுக்கு மறுநாளையும் இதே கண்ணோடு பாருங்கள். வேலை காலையில் தொடங்குவதால், பிற்பகலில் போகிறவர்கள் சல்லடைப் பகுதியை மட்டுமே பார்க்க நேரிடலாம்.

ஒரு மாதத்துக்கு முன்பே அழைத்து, வருகிறவர்களின் தொகை, அவர்களில் சிறுவர் எத்தனை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் எத்தனை என்று சொல்லி நேரத்தைப் பதிவுசெய்யுங்கள். பதிவை உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் மறுபடி அழையுங்கள், ஏனென்றால் மழையோ கொழுந்துக் குறைவோ வேலை நேரத்தை மாற்றக்கூடும். மலையகத் தொழிற்சாலைகளில் தமிழ் பேசுகிறவர் யாராவது கட்டாயம் இருப்பார். தொலைபேசியை எடுத்தவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தமிழ் தெரிந்தவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

4. கையில் இருக்கவேண்டிய பத்திரங்கள்

பெரியவர்கள் அனைவரின் தேசிய அடையாள அட்டையும் மூலப்பிரதியாக இருக்கட்டும். விடுதியில் அறை கொடுக்கும்போது கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரின் கடவுச்சீட்டை வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வராதீர்கள். மச்சாள் அப்படிச் செய்ததால் விடுதியில் ஒரு மணித்தியாலம் வரவேற்பறையில் இருக்க நேர்ந்தது. கட்டணச் சீட்டு உள்ள பல இடங்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு வேறு விலை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை அடையாள அட்டையையும் எடுத்துவந்தால் அந்த வேறுபாடு மிச்சமாகும்.

வாகனத்துக்கு வருமான உத்தரவுப் பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், சாரதியின் அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றும் செல்லுபடியாகும் தேதிக்குள் இருக்கின்றனவா என்று வாடகைக்குப் பேசும் அன்றே பாருங்கள். நீண்ட விடுமுறையில் வீதிச் சோதனை கூடுதலாக இருக்கும். முன்பதிவுச் செய்திகளைத் தாளிலும் அச்சிட்டு வைத்திருங்கள், ஏனென்றால் மலை மடிப்புகளில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் பல.

5. செலவுக் கணக்கு

எங்கள் இரண்டாவது பயணத்தின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் வானுக்கே போனது. தொழிற்சாலைக் கட்டணம் அதில் மிகச் சிறிய பங்கு. ஆகவே சீட்டு விலையை விசாரித்துவிட்டுச் செலவு குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்.

வான் பேசும்போது நான்கு விடயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: கிலோமீற்றருக்கு எவ்வளவு, நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீற்றருக்குக் காசு எடுப்பார்கள், எரிபொருள் யாருடையது, சாரதியின் சாப்பாடும் இரவுத் தங்குமிடமும் யார் பொறுப்பு. இதில் இரண்டாவதை மறந்தவர்களே பயணம் முடிந்தபின் மனத்தாங்கலோடு காசு கொடுக்கிறார்கள். நடுநாளில் நீங்கள் பண்டாரவளையைச் சுற்றி மட்டும் ஓடினாலும் குறைந்தபட்சத் தூரத்துக்கான காசு எண்ணப்படும்.

அறை வாடகையில் முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எத்தனை நாளுக்கு முன் இரத்துச் செய்தால் பணம் திரும்பும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். நீண்ட விடுமுறைக்கு வேறு விலை என்று கடைசி நேரத்தில் சொல்லும் விடுதிகள் இருக்கின்றன. லிப்டன் சீட்டுக்குத் தம்பேதென்னவிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் ஏற வேண்டும். பாதை ஒடுக்கமானது, பெரிய வானை நம்பாமல் முச்சக்கரவண்டிக்குக் காசு ஒதுக்கி, போய்வரும் கூலியையும் காத்திருக்கும் நேரத்தையும் ஏறுமுன்பே பேசிவிடுங்கள்.

வான் வேண்டாம் என்போர் மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குப் பேருந்தில் போகலாம். பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் பேருந்துகள் தாராளம். செலவு மிகவும் குறையும். ஆனால் விடுமுறைக்கு முதல் நாள் மாலைப் பேருந்தில் வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்ற வேண்டாம்.

6. புறப்படும் நேரமும் வீதியும்

அதிகாலை இரண்டு மணிக்கே புறப்பட்டால் நெரிசலை வெல்லலாம் என்று பலர் சொல்வார்கள். இந்த வீதிக்கு அது பொருந்தாது. கரடியனாற்றைத் தாண்டிப் புல்லுமலை, மகாஓயாப் பக்கம் காட்டு யானைகள் வீதியைக் கடக்கும். இருட்டில் ஒரு வளைவுக்கு அப்பால் யானை நின்றால் சாரதிக்குத் தெரியாது. செங்கலடிச் சந்தியை ஐந்தரை மணியளவில் கடந்தால், வெளிச்சம் வரும் நேரத்தில் காட்டுப் பகுதிக்குள் இருப்பீர்கள். வரும்போதும் அதே கணக்கைப் பின்பற்றுங்கள்: பதுளையை மதியம் ஒரு மணிக்கு முன் விட்டால் பொழுது சாயுமுன் மகாஓயாவைத் தாண்டிவிடலாம்.

பிபிலைக்கு அப்பால் வளைவுகள் தொடங்கும். வீட்டிலிருந்து பாற்சோறும் இடியப்பமும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறியவர்களுக்கு லுணுகலையில் சத்தி வந்துவிடும். பயணம் தொடங்குமுன் சிறிதளவே சாப்பிட்டு, பிபிலையில் இறங்கிக் கால் நீட்டி, இஞ்சித் துண்டொன்றை வாயில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். தலைச்சுற்று வருகிறவர்களை முன் இருக்கையில் இருத்துங்கள்.

பசறை, லுணுகலைப் பகுதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் மைல்கல் அருகே ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து பலர் உயிரிழந்தார்கள். சமவெளியில் மட்டும் ஓடிப் பழகிய சாரதியை இந்த வீதிக்குக் கூட்டிச்செல்லாதீர்கள். மலையில் ஓடிய அனுபவம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர் என்றால், குறைந்த கியரில் இறங்கும்படி சொல்லத் தயங்காதீர்கள். மழை பெய்தால் வீதி நிலை பற்றி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்கலாம். அவசர நோயாளர் வண்டிக்கு 1990.

7. தொழிற்சாலைக்குள்

குறித்த நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னரே போய்ச் சேருங்கள். பாதணி வழுக்காததாக இருக்கட்டும். உருட்டும் அறையின் தரையில் இலைச்சாறு படிந்திருக்கும். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். படம் எடுக்க அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேளுங்கள். பல இடங்களில் உள்ளே அனுமதி இல்லை.

மேல்மாடி வாட்டும் கூடத்தில் அவசரப்படாதீர்கள். தொட்டியின் அடியிலிருந்து விசிறி ஊதும் காற்றில் கொழுந்து மெல்ல அசைந்துகொண்டிருக்கும். வழிகாட்டி அனுமதித்தால் ஒரு கை அள்ளி இறுக்கிப் பாருங்கள். பச்சை இலையாக இருந்தால் ஒடியும். வாடிய இலை பட்டுத்துணிபோல் கைக்குள் சுருண்டு, விட்டதும் மெதுவாக விரியும். கீழே உருட்டும் இயந்திரத்திலிருந்து விழும்போது அது கரும்பச்சை. அதன்பின் தட்டில் பரப்பி வைத்த இலை காற்றுப் பட்டு, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செப்புக்காசின் நிறத்துக்குத் திரும்பும். பச்சை வாசனை போய், பழுத்த பழத்தின் வாசனைபோல் ஒன்று எழும். எங்கள் சிறியவன் அந்தத் தட்டருகே நின்று நகர மறுத்தான். அதற்குப் பிறகு சூடான உலர்த்தி, அதன்பின் சல்லடை. நூறு கிலோ பச்சைக் கொழுந்து ஏறத்தாழ 22 கிலோ தேயிலையாகிறது என்பதை அந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

வெளியே மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைக் கண்டால், படம் எடுக்கும் ஆசையில் அவர்களைக் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைக்காதீர்கள். அவர்களுடைய கூலி எடுத்த கொழுந்தின் நிறையோடு கட்டப்பட்டிருக்கிறது. மடுவம் என்னும் கொழுந்துக் கொட்டிலில் நிறுக்கும் நேரத்துக்குள் கூடை நிறைய வேண்டும். பத்து நிமிடம் அவர்களுக்குப் பெரிது. அவர்கள் பேசும் மொழி எங்கள் மொழி, "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேட்டு, அவர் வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, ஆயினும் விடுமுறைக் கூட்டத்துக்குள் நல்லவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

8. சுவைத்தலும் வாங்குதலும்

சுவைக்கும் மேசையில் சீனியும் பாலும் இருக்காது. சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணிக்குப் பழகிய எங்கள் நாவுக்கு முதல் வாய் கசக்கும். விழுங்கிவிடாமல், கரண்டியால் உறிஞ்சி, வாய் முழுவதும் பரவவிட்டு, அடிநாக்கில் என்ன நிற்கிறது என்று கவனியுங்கள். சோதனைக்கான முறை 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் ஊறல். வீட்டில் போடுவதைவிட அது கடுமையாக இருக்கும். வெறும் வயிற்றில் சுவைக்க வேண்டாம். ஒரு காலையில் ஐந்தாறு கோப்பைக்கு மேல் போனால் படபடப்பு வரும். பிள்ளைகளுக்கு ஒரு வாய் போதும்.

தரப் பெயர்கள் பலரைக் குழப்பும். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., ஓ.பி. என்பவை இலைத் துணுக்கின் அளவைச் சொல்கின்றன. நல்லது, கெட்டது என்று சொல்லவில்லை. பால் தேநீருக்குச் சிறிய துணுக்கான பி.ஓ.பி.எஃப். நன்றாக நிறம் இறங்கும். வெறும் தேத்தண்ணிக்குப் பி.ஓ.பி. அல்லது பெக்கோ வாங்குங்கள். விலை உயர்ந்த வெள்ளித் தளிர்த் தேயிலையை முதல் பயணத்தில் வாங்க வேண்டாம். அதைச் சீனியும் பாலும் போட்டு ஊற்றினால் கொடுத்த காசு வீண்.

வீதியோரத்தில் அடையாளம் இல்லாத பொலித்தீன் பையில் "பக்டரித் தேயிலை" என்று மலிவாக விற்பதை வாங்காதீர்கள். பொதி செய்த தேதி, எடை, தயாரித்தவர் பெயர் மூன்றையும் பாருங்கள். வெளிநாட்டு உறவினருக்குக் கொடுத்தனுப்புவதாயின் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை உள்ள பொதியைத் தேடுங்கள்; முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்பதற்கான அடையாளம் அது.

9. கொண்டுவருதல்

வரும்வழியில் எல்லோரும் வெலிமடை லீக்ஸும் கரட்டும் வாங்கி வானின் பின்பகுதியை நிரப்புவார்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் பொருளின் மணத்தை உறிஞ்சிவிடும். முதல் பயணத்தில் நாங்கள் கொண்டுவந்த இரண்டு கிலோவும் லீக்ஸ் மணத்தோடுதான் வீட்டுக்கு வந்தன. தேயிலைப் பொதியைத் துணிப்பையில் சுற்றி, ஆட்கள் இருக்கும் பகுதியில், மரக்கறிக்கு எட்டத்தில் வையுங்கள்.

எங்கள் ஊர்க் காற்றில் வாவி ஈரமும் கடல் ஈரமும் சேர்ந்திருக்கும். உடைத்த பொதியை அப்படியே வைத்தால் இலை நமுத்துவிடும். இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணியில் மாற்றி, அடுப்புக்கும் கருவாட்டுப் பானைக்கும் தூரமான தட்டில் வையுங்கள். ஒரு வீட்டுக்கு ஆறு மாதத்துக்குப் போதுமான அளவுக்கு மேல் வாங்க வேண்டாம்.